வீங்கிய காலும் நம் கடமையும்

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால், இரண்டொரு நாளில் தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி எழுந்து வலிப்பதை நம்மில் அறியாதார் இல்லை. "நெறி கட்டியிருக்கிறது" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். பாதத்தில் பட்ட புண்ணுக்கும் தொடையிடுக்கில் தோன்றிய கட்டிக்கும் என்ன தொடர்பு என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் அத்தொடர்பை அறிந்துகொண்டால், நம் ஊர்களில் பல்லாண்டுகளாக வீங்கிய காலோடு வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் எத்தனையோ பேருக்கு நம் கைகளாலேயே ஆறுதல் அளிக்க முடியும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாவது நீரோட்டம்

நம் உடலில் இரத்தம் ஓடுவதைச் சிறு பிள்ளையும் அறியும். இரத்தத்தோடு இன்னொரு நீரோட்டமும் இடைவிடாது நடைபெறுகிறது. மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்களிலிருந்து நீரும் சத்துக்களும் கசிந்து உடலின் திசுக்களை நனைக்கின்றன. அந்த நீர் முழுவதும் இரத்தத்திற்கு நேரே திரும்புவதில்லை. எஞ்சிய நீரையும், அதில் கலந்த புரதங்களையும், புண்களின் வழியே புகுந்த கிருமிகளையும் ஏந்திக்கொண்டு மெல்லிய நாளங்கள் சில மேல்நோக்கிச் செல்கின்றன. அந்நாளங்களில் ஓடுவதே நிணநீர்.

வழியில் ஆங்காங்கே அவரை விதை போன்ற கணுக்கள் அமைந்துள்ளன. உடல் முழுவதிலும் ஏறத்தாழ 600 கணுக்கள் இருப்பதாகக் கணக்கிடுவர். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, வயிற்றின் உட்பகுதி ஆகிய இடங்களில் அவை கூட்டமாக இருக்கின்றன. இவையே நோய்க்கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் காவற்சாவடிகள். பாதத்துப் புண்ணின் கிருமி தொடையிடுக்குச் சாவடியில் பிடிபட்டு அங்கே போர் மூளுவதைத்தான் நாம் 'நெறி கட்டுதல்' என்கிறோம். வடிகட்டப்பட்ட நிணநீர் கழுத்தின் அடிப்பகுதியிலுள்ள பெரிய சிரைகளில் கலந்து மீண்டும் இரத்தமாகிறது.

1622-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, உணவுண்ட ஒரு நாயின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது, குடலைச் சுற்றி வெண்ணிற நூல்கள் போன்ற நாளங்களைக் கண்டார். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் சுவீடனின் ரூட்பெக்கும் டென்மார்க்கின் பார்த்தொலினும் உடலெங்கும் அத்தகைய நாளங்கள் பரவியிருப்பதை எடுத்துக் காட்டினர்.

இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அத்தகைய இதயம் இல்லை. நாளத்தின் சுவர் தானே சுருங்கி விரிவதாலும், நாம் நடக்கும்போது தசைகள் அதனை அழுத்துவதாலும், ஆழ்ந்து மூச்சு விடும்போது நெஞ்சிலும் வயிற்றிலும் ஏற்படும் அழுத்த மாற்றத்தாலும்தான் அது மேலே ஏறுகிறது. ஏறிய நீர் கீழே இறங்காதபடி நாளங்களுக்குள் சிறு கதவுகள் அமைந்துள்ளன. அக்கதவுகள் பழுதுபட்டாலோ, கணுக்கள் அகற்றப்பட்டாலோ நீர் தேங்கும், உறுப்பு வீங்கும்.

யானைக்கால் வரும் வழி

தமிழகத்தில் இவ்வீக்கத்திற்கு முதற்காரணமாக விளங்கி வந்தது யானைக்கால் நோய். கும்பகோணம், புதுச்சேரி போன்ற ஊர்களின் பெயரோடு இந்நோயைச் சேர்த்துக் கேலி பேசியவர்கள் உண்டு. நூலிழை போன்ற ஒருவகைப் புழு நிணநீர் நாளங்களுக்குள் பல ஆண்டுகள் வாழ்ந்து அவற்றின் கதவுகளைக் கெடுத்துவிடுகிறது. அதன் குஞ்சுகள் இரவு நேரத்தில் இரத்தத்தில் உலவுகின்றன; சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகும் கொசு அவற்றை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்கிறது. அந்நாளில் சுகாதாரப் பணியாளர்கள் ஊர் உறங்கும் வேளையில் கதவைத் தட்டி, விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சென்றதன் காரணம் இதுவே. புழுவின் குஞ்சுகள் கொசுவின் உடலில் வளர்வதை 1877-ஆம் ஆண்டில் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய மருத்துவர் பேட்ரிக் மேன்சன் கண்டறிந்தார்.

ஆகவே இந்நோய் தொட்டால் தொற்றாது. நோயாளி உண்ட தட்டினாலோ, உடுத்திய துணியாலோ, உடனுறைவதாலோ பிறருக்கு வாராது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வருவதும் அன்று.

இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் கோவாவில் வாழ்ந்த லின்ஸ்கோட்டன் என்னும் ஹாலந்து நாட்டவர் எழுதிய பயண நூல் 1596-இல் அச்சேறியது. புனித தோமையாரைக் கொன்றவர்களின் வழித்தோன்றல்களே யானைக்கால் போன்ற காலுடன் பிறக்கிறார்கள் என்று அக்காலத்தில் பேசப்பட்ட கதையை அவர் அதில் பதிவு செய்துள்ளார். 'புனித தோமையார் கால்' என்றே ஐரோப்பியர் இந்நோய்க்குப் பெயரிட்டிருந்தனர். அப்போஸ்தலரின் பெயராலேயே நோயாளிகள்மீது பழி சுமத்தப்பட்டது எத்துணைக் கொடுமை! கொசுவின் செயலுக்கு மனிதரின் பாவத்தைக் காரணம் காட்டிய அந்தப் பேச்சின் நிழல் இன்றும் முழுவதும் நீங்கியதாகத் தெரியவில்லை. திருப்பலிக்கு வந்தாலும் கடைசி வரிசையில் அமர்ந்து, சேலையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக் கொள்ளும் தாய்மாரை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டில் ஒருவருக்குக் கால் வீங்கியிருப்பதால் திருமணப் பேச்சு நின்றுபோன குடும்பங்களும் உண்டு.

மருந்து செய்வதும் செய்யாததும்

புழுவைக் கட்டுப்படுத்தும் டி.இ.சி. மாத்திரை 1947 முதல் வழக்கில் உள்ளது. நம் நாட்டில் 1955-இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2004 முதல் நோய் பரவியுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் அனைவருக்கும் மாத்திரை வழங்கும் முறை நாடளாவியதாயிற்று. கருவுற்ற தாய்மாரும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும், கடும் நோயுற்றோரும் தவிர ஏனையோர் அதனை உண்ணவேண்டும். 'எனக்குத்தான் நோய் இல்லையே' என்று மாத்திரையைத் தலையணைக்கு அடியில் போடுகிறவர், தம்மையறியாமலே அண்டை வீட்டுக் குழந்தைக்குத் தீங்கு செய்பவராகலாம். ஏனெனில் புழுவின் குஞ்சுகள் இரத்தத்தில் இருந்தும் வெளிக்கு யாதொரு குறியும் தோன்றாதவர் பலர். இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமற் போயிற்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் ஏற்றுக்கொண்டது. தமிழகத்திலும் பரவல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆனால் புழுவைக் கொல்லும் மாத்திரை, முன்பே வீங்கிவிட்ட காலை வற்றச் செய்வதில்லை. பழுதுபட்ட கதவுகளை அதனால் சீராக்க முடியாது. மாத்திரை தின்றும் கால் வற்றவில்லையே என்று மனம் சோர்ந்து, சிகிச்சையையே கைவிட்டவர்கள் பலர். ஆண்களுக்கு இந்நோயால் உண்டாகும் விரைவீக்கத்தை அறுவைச் சிகிச்சையால் நீக்கலாம். அதனை மறைத்து வைத்துத் துன்புறுவது தேவையற்றது. காலின் வீக்கத்திற்கோ நாள்தோறும் செய்யும் பராமரிப்பே மருந்தாகும்.

கழுவுதலே முதல் மருந்து

1990-களில் பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் என்னும் பெண் மருத்துவர் தம் குழுவினருடன் யானைக்கால் நோயாளிகளைக் கவனித்து வந்தார். காலை மென்மேலும் பெருக்கச் செய்வது புழு மட்டும் அன்று. விரலிடுக்கிலுள்ள வெடிப்புகளின் வழியே புகும் சாதாரணக் கிருமிகளே அதற்குப் பெருங்காரணம் என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். கிருமி புகும் ஒவ்வொரு முறையும் குளிர்காய்ச்சல் வருகிறது, நெறி கட்டுகிறது, கால் சிவக்கிறது. காய்ச்சல் தணிந்தபின் கால் முன்னிலும் சற்றுப் பருத்து நிற்கிறது. இக்காய்ச்சல் அமாவாசையைப் பார்த்து வருவதாகச் சிலர் நினைப்பதுண்டு. அது வருவது வெடிப்பின் வழியாகவே. வெடிப்பை அடைத்தால் காய்ச்சல் குறையும். காய்ச்சல் குறைந்தால் கால் மேலும் பருப்பது நிற்கும். ரெசிஃபே நோயாளிகள் 'நம்பிக்கைக் கழகங்கள்' அமைத்துக் கூடி, ஒருவருக்கொருவர் இப்பராமரிப்பைக் கற்பித்துக்கொண்டனர்.

செய்முறை எளிது. நாள்தோறும் இருமுறை, இயலாவிடில் இரவு படுக்கும் முன் ஒருமுறையேனும், காலைக் கழுவவேண்டும். தண்ணீர் தூய்மையாகவும் சாதாரண வெப்பத்திலும் இருக்கட்டும், வெந்நீர் வேண்டா. சாதாரணக் குளியல் சோப்பே போதும். வீக்கம் தொடங்கும் மேற்பகுதியிலிருந்து கீழாகக் கையாலோ மெல்லிய துணியாலோ கழுவவேண்டும். தேங்காய் நாரும் பிரஷும் ஆகா. மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் தனித்தனியே விரித்துக் கழுவி, கழுவிய நீர் தெளிவாக வரும்வரை அலசவேண்டும்.

கழுவுதலினும் முக்கியமானது உலர்த்துதல். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். விரலிடுக்குகளில் மெல்லிய பருத்தித் துணியைச் செருகி ஈரத்தை வாங்கவேண்டும். அங்கே வெள்ளையாக ஊறியிருந்தாலோ அரித்தாலோ படர்தாமரைக்குரிய களிம்பையும், வெடிப்பில் புண் இருந்தால் மருத்துவர் கூறும் கிருமிநாசினிக் களிம்பையும் இடவேண்டும். நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டலாகாது. வெறுங்காலோடு நடக்காமல், இறுக்காத செருப்பு அணியவேண்டும்.

அமரும்போது காலைத் தொங்கவிடாமல் சிறு முக்காலியின் மேல் வைத்துக்கொள்வது நன்று. இரவில் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கற்களை வைத்து உயர்த்தலாம். இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இதைச் செய்யவேண்டும். குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நின்று இறங்குதல், கணுக்காலை வட்டமாகச் சுழற்றுதல், விரல்களை மடக்கி நீட்டுதல் ஆகியவற்றைப் பத்துப் பதினைந்து முறை வீதம் நாளில் பலமுறை செய்யலாம். கெண்டைக்கால் தசை அசையும்போதெல்லாம் நிணநீர் மேலேறுகிறது.

நீவும் முறை

வீக்கம் கண்டவுடன் எண்ணெயைக் காய்ச்சி அழுத்தித் தேய்ப்பதும், சுளுக்கு வழிப்பவரிடம் சென்று உருவிவிடச் செய்வதும் நம்மிடையே உள்ள வழக்கம். சுளுக்குக்கு அது எவ்வாறாயினும், நிணநீர் வீக்கத்திற்கு அது தீங்கே விளைவிக்கும். தொடக்க நிணநீர் நாளங்கள் தோலுக்குச் சற்றே அடியில் உள்ளவை, மிகவும் மெல்லியவை. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் அவை நசுங்கும். சூடேறினால் அப்பகுதிக்கு இரத்தம் மிகுந்து கசிவும் மிகும்.

இதற்கென ஒரு முறையை வகுத்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர்தம் மனைவி எஸ்ட்ரிட்டும் ஆவர். பிரான்சின் தென்கடற்கரையில் கான் நகரில் பணியாற்றியபோது, நீங்காச் சளியால் கழுத்தில் நெறி கட்டியிருந்தவர்களுக்கு அவர்கள் மென்மையாக நீவிச் சிகிச்சை செய்தனர். 1936-இல் பாரிசில் தம் முறையை வெளியிட்டனர். பின்னர் ஜெர்மனியில் ஃபோல்டி என்னும் மருத்துவரும் அவர் துணைவியாரும் மென்நீவல், துணிக்கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகிய நான்கையும் இணைத்து ஒரே சிகிச்சையாக்கினர். கேரளத்தின் காசர்கோட்டில் 1999-இல் தொடங்கப்பட்ட இன்ஸ்டிடியூட் ஆஃப் அப்ளைட் டெர்மடாலஜி, இவற்றோடு மூலிகை நீரில் காலை ஊறவைத்தல், யோகப் பயிற்சி முதலிய நம் நாட்டு முறைகளையும் சேர்த்து யானைக்கால் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வருகிறது.

இம்முறையின் அடிப்படையை உழவர் எளிதில் உணர்வர். வடிகாலின் முடிவில் அடைப்பிருக்க, தொடக்கத்தில் நின்று தண்ணீரைத் தள்ளினால் கரைதான் உடையும். முதலில் முடிவிலுள்ள அடைப்பை எடுக்கவேண்டும். பிறகு படிப்படியாகப் பின்னோக்கி வரவேண்டும். நிணநீருக்கு முடிவிடம் கழுத்து. ஆகவே கால் வீங்கியிருந்தாலும் தொடங்குமிடம் கழுத்தே. காறையெலும்புக்கு மேலுள்ள குழிகளில் விரல்களைத் தட்டையாக வைத்து, தோல் மட்டும் அசையும்படி மெல்ல வட்டமிட வேண்டும். அடுத்து வயிறு எழுந்து தாழ ஐந்தாறு முறை ஆழ்ந்து மூச்சு விடவேண்டும். அதன்பின் தொடையிடுக்கு, தொடை, முழங்கால், கெண்டைக்கால், கடைசியாகப் பாதம் என்று கீழே வரவேண்டும். இடம் கீழ்நோக்கி மாறினும், கையின் ஒவ்வோர் அசைவும் மேல்நோக்கியே இருக்கவேண்டும். உறங்கும் குழந்தையின் கன்னத்தை வருடும் அழுத்தம் போதும். தோல் சிவந்தாலோ வலித்தாலோ கை கனத்துவிட்டது என்று பொருள்.

நீவிக் குறைத்த வீக்கம் மீண்டும் நிரம்பாதிருக்கத் துணிக்கட்டோ, அளவெடுத்துச் செய்த இறுக்குறையோ வேண்டும். பாதத்தில் இறுக்கம் மிகுந்தும் மேலே செல்லச் செல்லக் குறைந்தும் இருக்குமாறு கட்டவேண்டுமாதலால், பயின்றவரிடம் நேரில் கற்றே இதனைச் செய்யவேண்டும். நீவலையும் முதல்முறை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்வதே நன்று.

நீவக்கூடாத வேளைகளும் உண்டு. காய்ச்சலும் சிவப்பும் உள்ளபோது நீவலாகாது. கட்டும் பயிற்சியும் ஆகா. அவ்வேளையில் காலை உயர்த்தி ஓய்வு கொடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை இட்டு, தாமதியாமல் மருத்துவரிடம் சென்று கிருமிக்குரிய மருந்தைப் பெறவேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் இரத்தக் குழாயில் உறைகட்டி இருக்கலாம். அதனை நீவுவது உயிருக்கே ஆபத்தாகும். இதயம், சிறுநீரகம் பழுதுபட்டு இரண்டு கால்களும் வீங்குவதும் வேறு நோய். எனவே வீக்கத்தின் காரணத்தை மருத்துவர் உறுதி செய்யுமுன் எவரும் கைவைத்தல் தகாது.

நோயைத் தொடக்கத்திலேயே அறிய ஓர் எளிய சோதனை உண்டு. காலின் இரண்டாம் விரலின் அடிப்பகுதித் தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தூக்க இயலாதபடி தடித்திருந்தால் அது நிணநீர் வீக்கமாக இருத்தல் கூடும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, இரவு ஓய்வில் வற்றிப் போகும் நிலையில் பராமரிப்பைத் தொடங்குவோர் நல்ல பயன் பெறுவர். முற்றிக் கெட்டிப்பட்ட கால் பழைய அளவுக்குத் திரும்புவது அரிது. ஆயினும் காய்ச்சலும் துர்நாற்றமும் நீங்கி, வேலைக்குச் செல்லும் அளவுக்குத் தேறுவது அப்போதும் இயலும்.

மார்பகச் சிகிச்சைக்குப் பின்

யானைக்கால் குறைந்து வரும் இந்நாளில் மற்றொரு வீக்கம் மிகுந்து வருகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை அகற்றியோ, கதிர்வீச்சு அளித்தோ சிகிச்சை பெற்ற பெண்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. அது சில மாதங்களிலும் வரலாம். பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். வளையலோ மோதிரமோ இறுகுவது முதல் அறிகுறி. அந்தக் கையால் குடமே தூக்கக்கூடாது என்று முன்னர் அறிவுறுத்தினர். மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்யும் பயிற்சியால் கேடில்லை என்பது பின்னர் ஆய்வுகளால் தெளிவாயிற்று. காய்கறி நறுக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அக்கையில் கீறல் படாமல் காப்பதும், பட்டால் உடனே கழுவி மருந்திடுவதும் இன்றியமையாதன.

யாதொரு நோயும் இல்லாதவர்க்கு நிணநீருக்கெனத் தனி மசாஜ் தேவையா என்று கேட்கலாம். தேவையில்லை. 'உடலின் நச்சை வெளியேற்றும் மசாஜ்' என்று பணம் பறிக்கும் விளம்பரங்களை நம்பவேண்டா. நாள்தோறும் அரைமணி நேர நடை, ஆழ்ந்த மூச்சு, அளவான உடல் எடை, ஒரே இடத்தில் நெடுநேரம் நில்லாமை ஆகியவை போதும். இவற்றுக்குக் காசு செலவில்லை.

குடும்பத்தின் பங்கு

பருத்த காலுடையவர் குனிந்து தம் விரலிடுக்கைத் தாமே துடைப்பது எளிதன்று. முதுமையில் இயலவே இயலாது. ஆகவே இப்பராமரிப்பு நோயாளி ஒருவரின் வேலை அன்று, வீட்டாரின் வேலை. முதல் வாரம் மகனோ மருமகளோ கழுவிக் காட்டட்டும். பேரப்பிள்ளைகள் துண்டு எடுத்துக் கொடுக்கட்டும். பெரிய வியாழனன்று கோயிலில் பாதம் கழுவப்படுவதை ஆண்டுக்கொருமுறை காண்கிறோம். இவர்களுக்கோ அது நாளும் வேண்டுவது. பிறர் கைபட்டு ஆண்டுகள் பலவான அந்தக் காலைக் கூசாமல் தொடும் முதல் நாளே நோயாளியின் மனச்சோர்வில் பாதி நீங்கிவிடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளும் நோயாளிகளுக்குப் பேசின், குவளை, துண்டு, சோப்பு, களிம்பு முதலியன அரசுத் திட்டத்தின்கீழ் வழங்கப்படுவதுண்டு. வெட்கத்தால் அங்கே செல்லாதிருப்போரை அழைத்துச் செல்வது, வீடு தேடிச் செல்லும் வின்சென்ட் தே பவுல் சபையினர்க்கும் பங்கு இளைஞர்க்கும் ஏற்ற பணியாகும். பங்கில் இவ்வாறு ஒடுங்கிக் கிடப்போர் யார் யார் என்பதை முதலில் அறியவேண்டும். அவர்கள் பெரும்பாலும் நம் கண்ணில் படாதவர்கள். ஆதலால் நாமே தேடிப் போகவேண்டும். இம்மாதம் உங்கள் தெருவில் அப்படி ஒருவரேனும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால், ஒரு சோப்பும் ஒரு பருத்தித் துண்டும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் செல்லுங்கள்.